டிவி கோபுரத்தில் இருந்தது பைரியா, வல்லூறா?

உப்புக்காற்று:
நேற்று மாலை ஐந்தே முக்காலுக்கு ராமேஸ்வரம் டிவி கோபுரத்தின் பாதி உயரத்தில் பைரி என்னும் வேட்டைப்பறவை ஒன்று அமர்ந்திருந்தது. பத்து நிமிடம் இறகு கோதியது. பிறகு கடல் பக்கம் அம்பாகப் பாய்ந்தது. பார்க்க விரும்புகிறவர்கள் அந்தியில் வாருங்கள்.

பனங்காடு:
தம்பி, அவசரம் வேண்டாம். நம் ஊரில் வல்லூறு நிறைய உண்டு. அந்தி வெளிச்சத்தில் எந்தப் பறவையும் கறுப்பு நிழல்தான். இத்தனை உயரத்தில் இருப்பதை எப்படி இனங்கண்டீர்கள்? பறவை பார்க்க உப்பங்கழிக்குப் போக வேண்டும், கான்கிரீட்டின் அடியில் நிற்கக் கூடாது.

உப்புக்காற்று:
ஐயா, வல்லூறுக்குச் சிறகு அகன்று வட்டமாக இருக்கும், வால் நீளம். மரத்தில் மறைந்திருந்து ஓணானையும் சிறு குருவியையும் பிடிப்பது அதன் வழக்கம். நான் கண்டதற்குச் சிறகு கூர்மை, உடல் காக்கையை விடப் பருமன், கன்னத்தில் மீசை போன்ற கறுப்புப் பட்டை. நான் கோபுரத்துக்கு மேற்கே நின்றேன். வெளிச்சம் என் முதுகுக்குப் பின்னால். தொலைநோக்கியில் மீசை தெளிவாகவே தெரிந்தது.

கான்கிரீட்டைப் பழிக்காதீர்கள். குளிர்காலத்தில் நம்மிடம் வரும் பைரிகளில் பல வடதுருவத்தை ஒட்டிய, மரமில்லாத தூந்திரப் பனிவெளியில் பிறந்தவை. உயரத்திலிருந்து இரையை அளந்து, மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் விழுகிற பறவை அது. மணலும் பனையுமான இந்தத் தீவில் பாறை முகட்டுக்கு எங்கே போகும்? 300 மீட்டருக்கும் மேல் நிற்கும் இந்தக் கோபுரம்தான் அதற்கு முகடு. உள்ளான் என்னும் கரைப்பறவைகளும் புறாக்களும் அடையத் திரும்பும் நேரம் பார்த்து அது அங்கே காத்திருக்கிறது.

கண்டல்வேர்:
பைரி என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் இடத்தையும் நேரத்தையும் பொதுவில் எழுதியது தவறு. 1972 வனவிலங்குச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணைப் பறவை அது. நாளையே யாராவது டிரோனோடு வந்தால் என்ன செய்வீர்கள்?

உப்புக்காற்று:
கோபுரத்தை ஒளிக்க முடியாது அக்கா. ஊரார் அதை அறிந்து நேசித்தால், டிரோனைத் தடுக்க நாலு பேர் இருப்பார்கள்.

கண்டல்வேர்:
நேசிப்பவர்கள்தான் அருகே நெருங்குகிறார்கள் தம்பி. பூநாரைக் கூட்டத்துக்குள் படம் எடுக்க ஓடியவர்களை நான் தனுஷ்கோடியில் பார்த்திருக்கிறேன். நேரத்தையாவது நீக்குங்கள்.

பனங்காடு:
மீசையைக் கண்டிருந்தால் என் சந்தேகம் பாதி தீர்ந்தது. மீதிக்கு நாளை என் தொலைநோக்கியோடு வருகிறேன். மேற்கே எந்த இடத்தில் நின்றீர்கள்? இங்கே எழுத வேண்டாம், தனிச் செய்தியில் சொல்லுங்கள்.