ஒரே ஆளுக்கு இரண்டு வகை டெங்கு: வன்னியில் கண்டவை

கிளிநொச்சி, ஆய்வுகூடம்

டெங்கு இரத்த ரிப்போட்டில் ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஜி. (தொற்றுக்கு எதிராக உடம்பு உண்டாக்கிற எதிர்ப்புப் பொருள்கள்; முதலாவது புதுத் தொற்றில் வரும், மற்றது பழைய தொற்றுக்குப் பிறகும் நிலைக்கும்) இரண்டும் பொசிற்றிவ் என்றால் "இரண்டு டெங்கு ஒண்டாய் வந்திட்டுதாம்" என்று சனம் பதறுது. அப்படியில்லை. முந்தி ஒருக்கால் வந்தவருக்கு இப்ப திரும்ப வந்திருக்கு என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும்.

டெங்கு வைரஸ் 4 வகை. இரண்டு வகை சேர்ந்திருக்கிறதைப் பிடிக்கிறதென்றால், வகைகளைப் பிரிச்சுக் காட்டுற பி.சி.ஆர். (வைரஸின் மரபுப் பொருளைத் தேடுற சோதனை) வேணும். அதுக்குக் காய்ச்சல் தொடங்கி 5 நாளுக்குள் இரத்தம் எடுக்கவேணும். பிறகு வைரஸ் இரத்தத்தில் குறைஞ்சிடும். பிரிச்ச சீரம் ஐஸ் பெட்டியில் 2–8 பாகையில் போகவேணும். வெக்கையில் கிடந்தால் அந்த மரபுப் பொருள் (ஆர்.என்.ஏ.) சிதையும். இரண்டில் குறைவாக இருந்த வகைதான் முதலில் தவறிப்போகும். ரிப்போட் ஒரு வகையை மட்டும் சொல்லும்.

என்.எஸ்.1 (இரத்தத்தில் வைரஸின் புரதத்தைத் தேடுற சோதனை) வகையைச் சொல்லாது. இரண்டாம் முறை வந்தவர்களில் அது வெள்ளனவே மறையும். நெகற்றிவ் என்று டெங்குவைக் கைவிடாதேங்கோ.

முல்லைத்தீவு, வார்ட் தாதி

அண்ணை சொன்னது சரி, ஆனால் நாங்கள் பி.சி.ஆருக்காகக் காத்திருக்கிறேல்லை. வகை ஒண்டோ இரண்டோ, வைத்தியம் ஒண்டுதான். இரண்டு சேர்ந்தால் கட்டாயம் கடுமையாகும் என்றும் இல்லை. ஆய்வுகள் இரண்டு விதமாயும் சொல்லுது.

பயப்படவேண்டியது இரத்தக் குழாயால் நீர் கசியிறதுக்கு. காய்ச்சல் விட்டதும் "சுகம் வந்திட்டுது" என்று பிள்ளையை வீட்டை கூட்டிக்கொண்டு போக நிற்பினம். கசிவு தொடங்கிறதே அந்த நேரம்தான். 24–48 மணித்தியாலம் நீடிக்கும். காய்ச்சலின் 3ஆம் நாள் எஃப்.பி.சி. (முழு இரத்தக் கணக்கு) செய்யுங்கோ. பிளேட்லெட் 100,000க்குக் கீழே என்றால் வார்ட்டுக்கு வரவேணும். பி.சி.வி. (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 20 வீதம் ஏறினால் கசியுது. 50 கிலோ ஆளுக்குச் சலம் மணிக்கு 25 மில்லிக்குக் குறையக்கூடாது. மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் இடைவெளி 20க்குச் சுருங்கி, கைநுனி குளிர்ந்து, அமத்திவிட்ட நகம் சிவக்க 2 செக்கனுக்கு மேல் எடுத்தால் அது அதிர்ச்சி நிலை (ஷொக், இரத்த ஓட்டம் குறைஞ்சு போறது). ஆள் தெளிவாகக் கதைச்சுக்கொண்டிருந்தாலும் நம்பாதேங்கோ.

வளர்ந்தவருக்குப் பனடோல் 500 மி.கி. குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருக்கால். நாளுக்கு 8க்கு மேல் வேண்டாம். டைக்ளோபெனாக், இபுபுறூஃபன், அஸ்பிரின் கூடவே கூடாது. வெறும் தண்ணி போதாது: ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல்), இளநீர், கஞ்சி. சிவப்பு, கபிலப் பானம் குடுத்தால் வாந்தியில் இரத்தம் தெரியாது.

வவுனியா, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்

ஒரே நுளம்பே இரண்டு வகையையும் காவலாம். அல்லது வேறுவேறு நுளம்பு குத்தலாம். 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு, கூடுதலாய் 2ஆம் வகை. அதுக்கு முந்தின வருடங்களில் 1ஆம் வகை. ஏ-9 வழியே கொழும்பாலும் யாழ்ப்பாணத்தாலும் சனம் மாரியில் வந்துபோகேக்க வகைகள் கலக்கும்.

தொட்டியைக் கவிழ்த்தால் மட்டும் காணாது, உட்சுவரைத் தும்புக்கட்டையால் தேயுங்கோ. முட்டை காய்ஞ்சும் பல மாதம் கிடக்கும். வெறுமையாக்கேலாத தொட்டிக்கு 1 வீத அபேற் மணல் (நுளம்பின் புழுவைக் கொல்லுற மருந்து), 100 லீற்றருக்கு 10 கிராம். சிரட்டை, கங்குமட்டை எல்லாரும் பார்ப்பினம். வள்ளம் மூடின தறப்பாளின்ரை மடிப்பை ஆரும் பார்க்கிறேல்லை. புகை அடிச்சால் பறக்கிற நுளம்புதான் சாகும், தண்ணியில் இருக்கிற குடம்பி (நுளம்பின் புழு) சாகாது.

கிளிநொச்சி, ஆய்வுகூடம்

தங்கச்சி, படிவத்தில் காய்ச்சல் தொடங்கின திகதியையும் நேரத்தையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கோ. அது இல்லாட்டி எந்தச் சோதனை பொருந்தும் என்றே தெரியாது.