குட்டைக் கரைக்கு எது?

சனி, காலை 6:48

முரளி: [படம்]

முரளி: சம்பு கொண்டு வந்துவிட்டேன். ஒரு சாக்கு நிறைய. இன்றைக்கே குட்டையில் நட்டுவிடலாமா?

வாணி அத்தை: நாணலா?

முரளி: சம்பு அத்தை. உச்சியில் பழுப்பாகக் கதிர் இருக்குமே.

வாணி அத்தை: அதை நாணல் என்றுதான் சொல்லுவோம்

கார்த்தி: கோரை இல்லையா அது

செல்வம் சித்தப்பா: முரளி, நடாதே. எழுதிக்கொண்டிருக்கிறேன், இரு.

கார்த்தி: சின்ன மாமா எழுதுகிறார். எல்லோரும் உட்காருங்கள்.

செல்வம் சித்தப்பா: முதலில் பெயர். சம்பு புல்லே இல்லை. கோரையும் இல்லை. நாணல்தான் புல் இனம், வெள்ளி நிறத்தில் பஞ்சுப் பூ விடும். கோரைத் தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள், பெரும்பாலும் மூன்று மூலை தட்டுப்படும். சம்புக்குத் தண்டு உருண்டை, இலை தட்டையான நாடா. அந்தப் பழுப்புக் கதிர் முழுக்கப் பெண் பூக்கள். அதற்கு மேலே ஈர்க்குச்சி மாதிரி நிற்கிறதே, அது ஆண் பூக்கள் இருந்து உதிர்ந்த இடம்.

வாணி அத்தை: சரி சரி

நான்: நடலாமா, கூடாதா சித்தப்பா?

செல்வம் சித்தப்பா: குட்டையில் நேராக நடக்கூடாது. அதன் கிழங்கு சேற்றுக்குள் பக்கவாட்டில் ஓடும், நுனி கூராக இருக்கும். அடியில் தார்ப்பாய் விரித்திருக்கிறோம், குத்திக் கிழித்துவிடும். இரண்டு அடித் தண்ணீரிலும் இறங்கி வளரக்கூடியது. நம் குட்டை நடுவிலேயே ஒன்றரை அடிதான், அதைத் தடுக்க அங்கே ஒன்றுமே இல்லை. உயரமும் ஆறடிக்கு மேல் போகும். கதிர் வெடித்தால் ஒன்றிலிருந்தே 1 லட்சத்துக்கு மேல் விதை, பஞ்சோடு காற்றில் பறக்கும். பழைய வீட்டுத் தொட்டி என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும்.

பெரியப்பா: அது நான் நட்டது.

பெரியப்பா: 6 வருடமாக இதையே சொல்கிறாய்.

செல்வம் சித்தப்பா: உங்களைச் சொல்லவில்லை அண்ணா. ஆனால் 3 வருடம் சேற்றில் நின்று பிடுங்கியது நான்.

பெரியப்பா: தண்ணீருக்குக் கீழே அறு என்று சொன்னேன். கேட்டாயா?

செல்வம் சித்தப்பா: கேட்கவில்லை. நீங்கள் சொன்னதுதான் சரி. நின்ற தட்டை வழியாகத்தான் கிழங்குக்குக் காற்று இறங்குகிறது. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அறுத்து, வெட்டுவாய் முழுகியே இருந்தால் கிழங்கு மூச்சு முட்டி அழுகிவிடும். நான் மேலே மேலே வெட்டிக்கொண்டிருந்தேன், அது தழைத்துக்கொண்டே வந்தது.

வாணி அத்தை: இதை அன்றைக்கே பேசியிருந்தால் ஒரு வருடம் இருவரும் முகம் பார்க்காமல் இருந்திருக்க வேண்டாம்

காலை 7:31

கார்த்தி: கடப்பாரை யாரிடம் இருக்கிறது?

முரளி: உன்னிடம்தான் கொடுத்தேன்

கார்த்தி: திருப்பிக் கொண்டு வந்து மோட்டார் அறையில் வைத்தேனே மச்சான்

நான்: அங்கே இல்லை. நேற்றுதான் பார்த்தேன்.

வாணி அத்தை: அம்மா கேட்கிறார்கள், சம்பு வைத்தால் பாம்பு வருமாமே

செல்வம் சித்தப்பா: சம்புக்காகப் பாம்பு வராது. எலியும் தவளையும் ஒளிய இடம் கிடைத்தால் அதைத் தேடி வரும். அது எந்தப் புதருக்கும் பொருந்தும், புல்லுக்கும்தான். கொசுவைக் கவனிக்க வேண்டும். புதர் அடர்ந்தால் மீன் உள்ளே நுழைந்து புழுவைத் தின்ன முடியாது. சில கொசுப் புழுக்கள் தண்ணீருக்கு மேலே வருவதே இல்லை, சம்பு மாதிரிச் செடிகளின் வேரில் குத்திக்கொண்டு அங்கிருந்தே மூச்சு விடும்.

வாணி அத்தை: ஐயோ. அப்படியானால் வேண்டாம்.

நான்: நாளைக்குப் பவி குழந்தையோடு வருகிறாள். இப்போதுதான் நடக்கப் பழகியிருக்கிறான். கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் எதையும் வளர்த்துவிடாதீர்கள்.

பெரியப்பா: வேலி அடிக்கலாம் என்றேன். யாரும் பதில் சொல்லவில்லை.

முரளி: அப்படியானால் கரை முழுக்க அலங்காரப் புல் வைத்துவிடலாமே. பம்பாஸ் அழகாக இருக்கும்.

செல்வம் சித்தப்பா: பம்பாஸ் வேண்டாம். இலை ஓரம் ரம்பம் மாதிரி அறுக்கும், குழந்தை கை வைத்தால் ரத்தம்தான். கலிபோர்னியாவிலும் நியூசிலாந்திலும் அதைக் களையாக நினைத்துத்தான் பிடுங்குகிறார்கள். அலங்காரப் புல் என்றால் எல்லாமே சாது என்று நினைக்காதே. தூர் கட்டி நின்ற இடத்திலேயே நிற்கிறதா, வேர் விட்டு ஓடுகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஃபவுண்டன் கிராஸ் தூர் கட்டுவதுதான், ஆனால் பச்சை வகை விதை தெளித்துப் பரவும். ஊதா இலை வகை அநேகமாக விதை விடாது. வெட்டிவேரும் அப்படி, தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். அதன் வேர் பக்கத்தில் ஓடாமல் நேராகக் கீழே 10 அடி ஆழம்கூடப் போகும், கரை மண் சரியாது.

கார்த்தி: வெட்டிவேர். முடிந்தது.

செல்வம் சித்தப்பா: முடியவில்லை. பெரும்பாலான அலங்காரப் புல்லுக்குக் காலடியில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். வெட்டிவேர் கொஞ்சம் தாங்கும். அதனால் கரையின் மேட்டில் புல், தண்ணீருக்குள் சம்பு. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது நிற்காது. இதில் எது நல்லது என்று சண்டையே தேவையில்லை. அப்புறம், புல்லுக்கு நல்ல வெயில் வேண்டும். உரம் அள்ளிப் போட்டால் தளர்ந்து சாய்ந்துவிடும். வருடத்துக்கு ஒரு முறை, புதுத் துளிர் வருவதற்கு முன் அரை அடி விட்டு மொத்தமாக வெட்ட வேண்டும். மூன்று நான்கு வருடத்தில் தூரின் நடுப்பகுதி செத்து வளையம் மாதிரி ஆகும். அப்போது பிரித்து நட வேண்டும். வெயில் காலத்தில் காய்ந்து நிற்கும், செத்துவிட்டது என்று யாரும் பிடுங்கக் கூடாது.

பெரியப்பா: என்னைத்தானே சொல்கிறாய்.

செல்வம் சித்தப்பா: வேர் பச்சையாக இருந்தது அண்ணா. 12 தூர்.

நான்: சித்தப்பா, பெரியப்பா, நாளைக்கு நேரில்.

முரளி: சாக்கு காய்கிறது. தூக்கிப் போட்டுவிடவா?

செல்வம் சித்தப்பா: போடாதே, பாவம். இரண்டு கிழங்கு போதும். மீதியை வாய்க்காலில் வீசிவிடாதே, அங்கேயே முளைக்கும். நன்றாக வெயிலில் காய வை. ஓட்டை இல்லாத பழைய டப் ஒன்று தருகிறேன். களிமண் போட்டு நட்டு, மேலே கூழாங்கல் பரப்பி, குட்டைக்குள் செங்கல் மேல் உட்கார வை, மண்ணுக்கு மேலே நான்கு விரல் தண்ணீர் நின்றால் போதும். விளிம்பைத் தாண்டிக் கிழங்கு எட்டிப் பார்த்தால் உடனே அறு. குள்ள வகைச் சம்பு என்று ஒன்று இருக்கிறது, இரண்டடிதான் வளரும். நமக்கு அதுதான் சரி. கிடைத்தால் இதை மாற்றிவிடலாம்.

வாணி அத்தை: கதிர் எனக்கு வேண்டும், பூச்சாடிக்கு

செல்வம் சித்தப்பா: தருகிறேன். கெட்டியாக இருக்கும்போதே வெட்ட வேண்டும், முற்றவிட்டால் வீட்டுக்குள் வெடித்துப் பஞ்சு பறக்கும். முன்னதாகவே வெட்டினால் நமக்கும் விதை பரவாது.

பெரியப்பா: டப் ஒன்றுதான். கிணற்றுப் பக்கம் வேண்டாம். வீட்டுப் பக்கக் கரையைத் திறந்தே விடு, குழந்தை கண்ணில் பட வேண்டும்.

செல்வம் சித்தப்பா: அப்படியே செய்யலாம் அண்ணா. ஊதாப் புல்லா வெட்டிவேரா என்று நீங்களே சொல்லுங்கள்.

பெரியப்பா: பார்க்கலாம்.

காலை 9:05

கார்த்தி: கடப்பாரை கிடைத்ததா?

நான்: இல்லை

முரளி: சாக்கை இப்போதைக்கு வாளித் தண்ணீரில் முக்கி வைத்திருக்கிறேன்.

பெரியப்பா: எந்த வாளி? குளிக்கிற வாளியா?