புதுப்பிப்பு: பல் சீழுக்கு ஆன்டிபயாடிக், கூடவே வயிற்றுப்போக்கு

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பல் சீழுக்கு அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் தொடங்கியதும் வயிற்றுப்போக்கு வந்தது. மருந்தாலா, என் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் (பெருங்குடல் அழற்சி நோய்) மறுபடி கிளம்பியதாலா என்று கேட்டிருந்தேன்.

"யூகிக்காமல் மலத்தைச் சோதித்துப் பாருங்கள்" என்ற யோசனைதான் உதவியது. ஆன்டிபயாடிக் எடுக்கும்போது வயிற்றுப்போக்கைக் கிளப்பக்கூடிய சி. டிஃபிசில் கிருமி இல்லை. குடல் அழற்சியைக் காட்டும் கால்ப்ரோடெக்டின் அளவும் லேசாகத்தான் கூடியிருந்தது. ஸ்டீராய்டு தேவைப்படவில்லை, கோலைட்டிஸுக்கு எடுக்கும் மெசலமைன் வழக்கம்போலத் தொடர்ந்தது. சோதனை முடிவு வரும்வரை போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை கூடாது என்றார் குடல் மருத்துவர். அந்தக் கிருமி இருந்தால் குடலுக்கு ஆபத்தாம்.

அப்புறம், ஆன்டிபயாடிக் மாத்திரையைச் சாப்பாட்டின் தொடக்கத்தில் போட்டதும் போக்கு நன்றாகக் குறைந்தது. தயிர்சாதத்தால் பெரிய மாற்றமில்லை, ஆனால் உள்ளே தங்கியது அதுதான்.

எதிர்பாராதது: கோர்ஸ் முடிந்ததும் நாக்கில் வெள்ளைப் படலம், பூஞ்சைத் தொற்று. க்ளோட்ரிமசோல் வாய்மருந்தில் சரியானது. சி. டிஃபிசில் சில வாரம் கழித்தும் வரலாம் என்பதால், வயிற்றுப்போக்கு மறுபடி வந்தால் திரும்பவும் சோதனைதான்.