பத்து அங்குல சப்வூஃபர்: மூடிய பெட்டியா, குழாய்ப் பெட்டியா?

சத்துவாச்சாரி:
அடிநாதத்துக்கென்று பத்து அங்குல சப்வூஃபர் ஸ்பீக்கர் ஒன்று வாங்கியிருக்கிறேன். உடன் வந்த தாளில் எஃப்எஸ் (ஸ்பீக்கர் இயல்பாக அதிரும் அதிர்வெண்) 30 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்று காட்டும் எண்) 0.40, விஏஎஸ் (கூம்பின் தாங்கலுக்கு இணையான விறைப்புள்ள காற்றின் கொள்ளளவு) 60 லிட்டர் என்று அச்சிட்டிருக்கிறார்கள். 18 மி.மீ. பிளைவுட்டில் பெட்டியை நானே செய்யப்போகிறேன். அறை 10 அடிக்கு 12 அடி, கான்கிரீட் கூரை. மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) ஒலி மழுங்காமல் கேட்க வேண்டும், அதுதான் ஆசை. பெட்டியை மூடிவிடுவதா, குழாய் வைப்பதா?

காட்பாடி:
மூடிவிடுங்கள். விஏஎஸ்ஸைப் பெட்டியின் கொள்ளளவால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுங்கள். அந்த எண்ணால் க்யூடிஎஸ்ஸையும் எஃப்எஸ்ஸையும் பெருக்குங்கள். 28 லிட்டருக்கு க்யூ (பெட்டியோடு சேர்ந்த க்யூடிஎஸ்) 0.707, அதிர்வெண் 53 ஹெர்ட்ஸ் வருகிறது. மேடு பள்ளம் இல்லாத அளவு இது.

53 போதுமா என்று கேட்பீர்கள். உங்கள் அறையின் 12 அடி நீளத்தில் ஒலியின் அரை அலை பொருந்துவது 47 ஹெர்ட்ஸில். அதற்குக் கீழே அறையே ஒலியைத் தூக்கிக் கொடுக்கும். மூடிய பெட்டி ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும், 12 டெசிபல் வீதம்தான் சரியும். பெட்டி இறங்குகிற இடத்தில் அறை கைகொடுக்கிறது.

குடியாத்தம்:
அறை தூக்கிக் கொடுக்கும் என்பது கதவும் சன்னலும் சாத்தியிருந்தால்தான், தம்பி. சித்திரை வெயிலில் வேலூரில் சன்னலைச் சாத்திக்கொண்டு பாட்டுக் கேட்கிற வீட்டைக் காட்டுங்கள். திறந்த சன்னல் வழியே அந்த ஆதாயம் தெருவுக்குப் போய்விடும்.

கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வருடந்தோறும் பெட்டி அடுக்குகிறவன் நான். திறந்தவெளியில் தூக்கிக் கொடுக்கச் சுவரே கிடையாது, குழாய்தான் காப்பாற்றுகிறது. இந்த ஸ்பீக்கருக்கு 60 லிட்டர் வைத்து, 10 செ.மீ. உள்விட்டமுள்ள பிவிசி குழாயை 36 செ.மீ. நீளத்துக்கு வெட்டினால் 30 ஹெர்ட்ஸில் இசையும். அந்த இடத்தில் கூம்பு அசைவதே கண்ணுக்குத் தெரியாது, குழாயிலிருக்கும் காற்றுதான் வேலை செய்யும். மூடிய பெட்டியிலோ, 60 ஹெர்ட்ஸில் எழுப்பிய சத்தத்தை 30-லும் எழுப்பக் கூம்பு நான்கு மடங்கு நகர வேண்டும். ஸ்பீக்கரை ஏன் இப்படி வதைக்கிறீர்கள்?

காட்பாடி:
அண்ணா, 30-க்குக் கீழே என்ன நடக்கிறது என்பதையும் சொல்லுங்கள். கூம்பைத் தாங்கக் காற்று இருக்காது. அப்படித்தான் ஒன்றை இழந்தேன். இடிச்சத்தம் வந்த ஒரு நொடியில் 'டக்' என்று இரும்பில் இரும்பு மோதுகிற ஒலி. கழற்றிப் பார்த்தால் வாய்ஸ் காயிலின் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) விளிம்பு நசுங்கி, கம்பிச் சுற்று பிரிந்து நூல்போலத் தொங்கியது. குழாய்ப் பெட்டிக்கு 30-க்குக் கீழே வெட்டும் வடிகட்டி கட்டாயம். அதைச் சொல்லாமல் குழாயை மட்டும் பரிந்துரைப்பது நியாயமில்லை.

குடியாத்தம்:
வடிகட்டி இல்லாமல் நான் எந்தப் பெட்டிக்கும் மின்சாரம் கொடுப்பதில்லை. சொல்லாமல் விட்டது என் தவறு.

ஆற்காடு:
இருவரும் லிட்டர் பேசுகிறீர்கள், பலகையின் கனத்தைப் பேசவில்லை. என் முதல் பெட்டி வெளியளவில் 40×40×45 செ.மீ. 72 லிட்டர் என்று எழுதிவைத்துக்கொண்டேன். 18 மி.மீ. பலகையைக் கழித்தால் உள்ளே 36.4×36.4×41.4, அதாவது 55 லிட்டர்கூட இல்லை. குழாய் 3 லிட்டர், ஸ்பீக்கரின் காந்தமும் உலோகச் சட்டகமும் 2 லிட்டர், குறுக்குச் சட்டம் ஒரு லிட்டர். மிச்சம் 49! குழாயை 72-க்கு வெட்டியிருந்ததால் இசைவு எங்கோ மேலே ஏறிவிட்டது. எப்போதும் உள்ளளவிலிருந்து தொடங்குங்கள்.

ராணிப்பேட்டை:
எனக்கு இந்த விவாதமே அவசரமாகப் படுகிறது. அந்தத் தாளை யார் சரிபார்த்தது? நெவில் தீல் 1961-ல் எழுதி, ரிச்சர்ட் ஸ்மால் எழுபதுகளில் வளர்த்தெடுத்த அந்த எண்கள் கையிலிருக்கும் ஸ்பீக்கரை அளந்தால்தான் பொருளுள்ளவை. ஒரு கிலோ ஓம் மின்தடையை ஸ்பீக்கருடன் தொடரில் இணைத்து, அதிர்வெண்ணை மெல்ல ஏற்றுங்கள். ஸ்பீக்கரின் முனைகளில் மின்னழுத்தம் உச்சம் தொடுகிற இடம் எஃப்எஸ். அந்த உச்சத்தின் அகலத்திலிருந்து க்யூடிஎஸ் கிடைக்கும். நகைக்கடைத் தராசில் எடைபோட்ட 20 கிராம் பிசைமண்ணைக் கூம்பில் ஒட்டி மறுபடி அளந்தால், எஃப்எஸ் இறங்குகிற அளவையும் கூம்பின் பரப்பையும் கொண்டு விஏஎஸ் கணக்கிடலாம். ஒரு மாலை போதும். பலகையை அறுத்த பிறகு அளந்து பயனில்லை.

சத்துவாச்சாரி:
அளந்துவிட்டேன். மூன்று முறை. எஃப்எஸ் 34, க்யூடிஎஸ் 0.52, விஏஎஸ் 48. தாளுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. கோபம்தான் வருகிறது.

காட்பாடி:
அப்படியானால் என் 28 லிட்டர் தவறு. அதில் அடைத்தால் க்யூ 0.86-க்கு ஏறி, தொப்பி ஒலி சற்று வீங்கும். 0.707 வேண்டுமென்றால் 57 லிட்டர் ஆகிறது, அறைக்குப் பெரிது. 40 லிட்டரில் 0.77, 50 ஹெர்ட்ஸ். அதையே செய்யுங்கள். உள்ளளவு 34×34×37 எடுத்தால் 42.8 லிட்டர், காந்தமும் சட்டமும் போக 40 நிற்கும். தலையணைக்கு அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் பெட்டி இன்னும் கொஞ்சம் பெரிதானதுபோல் நடந்துகொள்ளும்.

குடியாத்தம்:
0.52 என்றால் நானும் குழாய் சொல்லமாட்டேன். அடிநாதத்தில் மேடு எழும்பி, அந்த அறையின் 47 ஹெர்ட்ஸோடு சேர்ந்து குமுறும். மூடுங்கள் தம்பி. மூலைகளில் பசை காய்ந்தபின் உள்ளே சிலிகான் ஓட்டுங்கள். ஸ்பீக்கரை மாட்டியதும் கூம்பை இரு பக்கமும் விரல் வைத்து மெல்ல அமுக்கி, விரலை எடுத்துவிடுங்கள். சோம்பேறித்தனமாகத் திரும்பினால் காற்று நன்றாக அடைபட்டிருக்கிறது. சட்டென்று எழும்பினால் எங்கோ கசிகிறது.

சன்னல் விஷயத்தில் மட்டும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. பெட்டி தயாரானதும் சாத்தி ஒருமுறை, திறந்து ஒருமுறை, ஒரே பாட்டைக் கேட்டு எழுதுங்கள்.

சத்துவாச்சாரி:
ஞாயிற்றுக்கிழமை பலகை அறுக்கிறோம் அண்ணா. இரண்டையும் கேட்டு எழுதுகிறேன்.