தாழி சாலைக் கோட்டில் இல்லை, மண் அள்ளிய இடத்தில் இருந்தது

கீழடி மாதிரி குழி போட்டு இறங்கும் வேலை இல்லை இது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சாலையை அகலப்படுத்தும் முன்னால் தொல்லியல் மேற்பரப்பாய்வுக்குப் போன குழுவில் நானும் உதவிக்குப் போயிருந்தேன். மண்ணைத் தொடவே மாட்டோம். சாலைக்காகக் கல் ஊன்றிய கோட்டின் இரு பக்கமும் வரிசையாகத் தரையைப் பார்த்தபடி நடக்க வேண்டும், அவ்வளவுதான். உழுத புஞ்சை என்றால் கொண்டாட்டம், அடியில் கிடப்பதைக் கலப்பையே மேலே புரட்டிப் போட்டிருக்கும். சீமைக் கருவேலம் அடைந்த இடத்தில் தரையே தெரியாது. அறிக்கையில் அதுவும் 'பார்த்த இடம்' என்றுதான் ஏறும்!

கோட்டில் ஒன்றும் சிக்கவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "என்னத்த தம்பி தேடுறீக?" என்றார். பழைய பானை ஓடு என்றோம். "அதுக்கு இங்கன எதுக்கு அலையிறீக? அங்கிட்டு கிராவல் அள்ளுறாக பாருங்க, அங்க பூராம் மதமதக்கத் தாழிதான்."

இறந்தவரை வைத்துப் புதைத்த பெரிய மண்பானையைத்தான் தாழி என்றார். போய்ப் பார்த்தோம். ஜேசிபி வெட்டி நின்ற மண் சுவரில் தாழியின் பாதி வளைவு அப்படியே தெரிந்தது. மறுபாதி பக்கெட்டோடு போயிருந்தது. கழுத்தைச் சுற்றிக் கயிறு திரித்து ஒட்டினாற்போல ஒரு பட்டை, அதில் விரலால் அழுத்திய தடங்கள் வரிசையாக. கீழே சரிந்த மண்ணில் ஒரு சின்னக் கிண்ணத்தின் உடைசல், உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்டால் அந்த இரட்டை நிறம் வரும்.

யோசித்தால் இதில் ஆச்சரியமே இல்லை. வெள்ளாமைக்கு ஆகாத சரளை மேட்டில்தான் பெரும்பாலும் தாழி புதைத்தார்கள். சாலைக்கு மேடு கட்டவும் அதே சரளைதான் வேண்டும். ஆனால் ஆய்வு சாலைக் கோட்டோடு நின்றுவிடுகிறது, மண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஆளில்லை. மத்திய அரசு பாதுகாக்கும் சின்னம் என்றால் 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். பட்டியலில் ஏறாத பொட்டலுக்கு அந்தக் காவல் கிடையாது. கீழடியே 2013-14இல் வைகைக் கரையோரம் நடந்து பார்த்துக் குறித்த 293 இடங்களில் ஒன்றுதான். நடந்திருக்காவிட்டால் அதுவும் வெறும் தென்னந்தோப்பு.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். வி.ஏ.ஓ.விடம் சொல்லி அந்த மூலையில் மட்டும் மண் எடுப்பதை நிறுத்தினார்கள். அதற்குமுன் போன லோடெல்லாம் ரோட்டுக்கடியில்.

— — —

இதைப் படித்த இன்னொருவர்: எங்கள் மதுரை அனுப்பானடியிலும் தாழி கிடைத்த கதை வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உண்டு. இப்போது மேலே எல்லாம் வீடு. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்தது 10 ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஓட்டுச் சில்லைப் பத்து ரூபாய் மதிப்பு என்று லாரிக்காரர் எங்கே நினைக்கப்போகிறார்? அதனால் மண் எடுக்க அனுமதி கேட்கும்போதே அந்தப் புஞ்சைக்கு ஊரில் என்ன பெயர் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். நத்தமேடு, தாழிக்காடு, பொட்டல், திடல் என்று பதில் வந்தால் முதலில் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு அப்புறம் வண்டியை விடட்டும்.