'ஓய்வுக்காலம்' வேண்டாம், 'ஏலாக் காலம்' எப்படி?

வணக்கம் டாக்டர் தம்பி,

இதயத் தசையின் இயல்புகளுக்கு நீங்கள் அனுப்பிய சொற்பட்டியலைப் பார்த்தேன். கடத்துதிறன், சுருங்குதிறன் இரண்டிலும் கை வைக்க வேண்டாம், நன்றாகவே இருக்கின்றன. ஆனால் ரிஃப்ராக்டரி பீரியடுக்கு, அதாவது ஒரு தூண்டலுக்குப் பின் தசை அடுத்த தூண்டலை ஏற்காத நேரத்துக்கு, 'ஓய்வுக்காலம்' என்று போட்டிருப்பதை மாற்றியாக வேண்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் டிரெஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தச் சொல்லோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை, பொருள்தான் இடிக்கிறது.

கீழறைத் தசை ஒருமுறை தூண்டப்பட்டால் 0.25 முதல் 0.30 வினாடி வரை வேறெந்தத் தூண்டலையும் ஏற்பதில்லை. அந்த நேரத்தில் ஓய்ந்தா கிடக்கிறது? சுருங்கி ரத்தத்தைத் தள்ளிக்கொண்டல்லவா இருக்கிறது! கால்சியம் தசைச் செல்லுக்குள் மெதுவாக வந்துகொண்டிருப்பதால் அதன் மின்னழுத்தம் இறங்காமல் மேட்டிலேயே நிற்கிறது. அது இறங்கும்வரை, சோடியத்தை உள்ளே விட்டுத் தூண்டலைத் தொடங்கிவைக்கும் வாயில்கள் மறுபடி திறக்கத் தயாராவதில்லை. பெரட்டு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்பு, முடிந்து வெளிக்காட்டில் பால் வெட்டிக்கொண்டிருப்பவரைத் திரும்பவும் பெரட்டுக்குக் கூப்பிட்டால் வருவாரா? தூங்குகிறார் என்பதாலா வரவில்லை? மேலும், ஓய்வு என்றதும் நம் ஆட்கள் இதயம் விரிந்து நிரம்பும் கட்டத்தைத்தான் நினைப்பார்கள். அது வேறு கதை.

எலும்புத் தசையில் இந்தக் காலம் சில மில்லி வினாடிகள்தான். அதனால் தூண்டல்கள் அடுத்தடுத்து வந்தால் சுருக்கங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, தசை விறைத்து நிற்கும். பால் வாளியைத் தூக்கிப் பிடிக்கும் கை அப்படித்தான் வேலை செய்கிறது. இதயம் அப்படி விறைத்து நின்றால் ஆள் காலி. அந்த நீண்ட மறுப்புதான் காப்பாற்றுகிறது.

என் முன்மொழிவு 'ஏலாக் காலம்'. தூண்டலை ஏற்காத காலம். ஓடாக் குதிரை மாதிரி எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணத்தில் சிக்கல் இல்லை. இந்தப் பக்கத்து யாழ்ப்பாணத்துக் கிராணிமார் (தோட்டத்து எழுத்தர்கள்) 'ஏலாது' என்று சொல்லிக் கேட்டே வளர்ந்தோம், காதுக்கும் புதிதல்ல. 'ஏலாதவர்' என்றால் முடியாதவர், நோயாளி என்றும் பொருள் வருமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் 'தூண்டல் ஏலாக் காலம்' என்று முழுதாக எழுதிவிட்டால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். பிறகு, எந்தத் தூண்டலுக்கும் மசியாத கட்டம் 'முழு ஏலாக் காலம்', அதையடுத்து வலுவான தூண்டலுக்கு மட்டும் இணங்கும் சுமார் 0.05 வினாடி 'அரை ஏலாக் காலம்'. இதற்கு ஆங்கிலத்தில் உள்ள 'ரிலேட்டிவ்' என்பதைப் பார்த்துச் 'சார்பு' என்று போட்டால் எதைச் சார்ந்தது என்று கேட்பார்கள்.

அப்புறம், இதயம் தானாகவே துடிக்கும் இயல்புக்கு நீங்கள் போட்ட 'தன்னியக்கம்'. இதை நரம்பு மண்டலத்துக்கு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. இங்கேயும் போட்டால் அந்த நரம்புகள்தான் இதயத்தைத் துடிக்க வைக்கின்றன என்று ஆகிவிடும். அவை வேகத்தைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். நரம்புத் தொடர்பு அறுந்த மாற்று இதயமும் துடிக்கிறதே. நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிப்பைக் கிளப்புவது 1907இல் கீத், ஃபிளாக் என்ற ஆய்வாளர்கள் காட்டிய, இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் சைனஸ் கணுதான். ஆகவே 'தன்துடிப்பு' என்கிறேன். புலவர்கள் 'தற்றுடிப்பு' என்று சேர்த்து எழுதச் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு வாயில் நுழையாது, விட்டுவிடுவோம்.

1871இல் பௌடிச் என்ற அமெரிக்க உடலியலாளர் தவளை இதயத்தில் கண்டதற்கு நீங்கள் வைத்த 'முழுமை அல்லது இன்மை விதி' கல்வெட்டு வாசகம் போல இருக்கிறது. தூண்டல் போதாவிட்டால் சுருங்காது, போதுமானால் அந்த நிலையில் முடிந்த அளவு முழுதாகச் சுருங்கும். 'உண்டு இல்லை விதி' போதாதா? சண்டைக்குப் போகிறவர் பேச்சு மாதிரி இருக்கிறது என்று எங்கள் வீட்டில் சிரித்தார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது.

அதே பௌடிச் கண்ட இன்னொன்று, அடுத்தடுத்த துடிப்புகள் படிப்படியாக வலுத்துக்கொண்டே போவது. அதற்கு 'படியேற்றம்' என்று குறித்து வைத்திருக்கிறேன். உங்களிடம் இதைவிட நல்லது இருந்தால் அனுப்புங்கள், அச்சுக்குக் கொடுக்கும் முன் சேர்த்துவிடலாம்.