தாதிமையில் 'எஸ்தெடிக்' அறிவு: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,
சிங்கப்பூரில் ஆகஸ்ட் 1 அன்று வரும் தாதியர் (நர்ஸ்) தினத்துக்குத் தமிழில் ஒரு கையேடு தயாரிக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 1978இல் அமெரிக்கத் தாதிமை அறிஞர் பார்பரா கார்ப்பர் தாதிமை அறிவை நான்காகப் பிரித்தார். ஆய்வறிவு, அறநெறி அறிவு, தன்னறிவு என்று மூன்றுக்கு எழுதிவிட்டேன். நான்காவது 'எஸ்தெடிக்ஸ்'. 'அழகியல் அறிவு' என்றால் அறையை அலங்கரிப்பது என்றுதான் படிப்பவர் நினைப்பார். தினமும் கோப்பி கேட்கும் பாட்டி ஒருநாள் கேட்கவில்லை. இரத்த அழுத்தம், காய்ச்சல் எல்லாம் சரி, 'ஒண்ணுமில்லம்மா' என்கிறார். ஆனாலும் ஏதோ சரியில்லை என்று கண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்கிறாரே தாதி, அந்த அறிவுக்குச் சொல் வேண்டும்.
– செ., ஈசூன்

செ. அம்மா,
முதலில் 'தாதி'யை மாற்றுங்கள். வடமொழித் 'தாத்ரி'யின் திரிபு அது. காளமேகம் 'தாதிதூ தோதீது' என்று பாடியபோது அவள் தூது போகும் பணிப்பெண். படித்துத் தேர்ந்தவரை அப்படி அழைக்கலாமா? செவிலி, செவிலிமை என்றே எழுதுங்கள்.
– ம., மதுரை

ம. ஐயா,
சங்கப் பாடல்களில் செவிலி தலைவியை வளர்த்த தாய், நோயாளியைப் பார்த்தவள் அல்லள். பழஞ்சொல்தான் வேண்டுமென்றால் 950ஆம் குறளில் 'உழைச்செல்வான்' இருக்கிறார். உழை என்றால் பக்கம். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு நான்காவது கூறாக வள்ளுவர் அவரை வைத்தார். ஆனால் சிங்கப்பூரில் எல்லாருக்கும் தாதிதான். அது இருக்கட்டும்.
செ. அக்கா, 'குறிப்பறிதல்' என்று போடுங்கள். 71ஆம் அதிகாரத்தின் பெயரே அது. வாய்விட்டுச் சொல்லாததை முகம் பார்த்தே அறிபவரை உலகுக்கு 'அணி', அதாவது அணிகலன், என்கிறது 701ஆம் குறள். நீங்கள் விட்டுவிடப் பார்த்த அழகும் அதிலேயே வந்துவிடுகிறது.
– க., ஜூரோங்

வணக்கம். நான் வார்டில் வேலை பார்த்தவள். அங்கே குறிப்பு என்றால் நாங்கள் எழுதி வைப்பது. 'குறிப்பறிதல்' என்றால் அதைப் படிப்பது என்றாகிவிடும். அதோடு அறிவது பாதிதான். அறிந்ததும் கை என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துத்தான் கார்ப்பர் கலை என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டதும் அந்த அறிவில் அடக்கம். 'உணர்நேர்த்தி' சரிப்படுமா?
– ப., தெம்பனிஸ்

ப. சொல்வது நியாயம். ஆனால் 'உணர்நேர்த்தி'யை என் மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன், துணி தைப்பதா என்றார். அதனால் 'குறிப்பறிதல்' என்றே போடுகிறேன், பாட்டியின் கோப்பியைக் கீழே விளக்கமாகச் சேர்க்கிறேன். மூவருக்குச் சம்மதம்.
– செ.

எனக்கில்லை. 'தாதி' அப்படியே நிற்கிறது.
– ம.